அத்தியாயம் 7: ஆணையிடுவோர் இல்லாத ஒழுங்கு

காரணம் இல்லாத நெரிசல்

ஜப்பானிய இயற்பியலாளர் யூகி சுகியாமாவும் அவருடைய குழுவினரும் 2008இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒற்றைத்தட வட்டப் பாதையில் 22 கார்களைச் சம இடைவெளியில் நிறுத்தினார்கள். ஓட்டுநர்களிடம் சொன்னது ஒன்றுதான்: மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் போகும் காரில் மோதாமல் ஓட்டிக்கொண்டே இருங்கள். அந்தப் பாதையில் சிக்னல் கிடையாது. குறுக்குத் தெரு கிடையாது. சாலை எந்த இடத்திலும் குறுகவில்லை. நெரிசலுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் ஒன்றுகூட அங்கே இல்லை.

தொடக்கத்தில் கார்கள் சீராக ஓடின. பிறகு இடைவெளிகளில் சின்னச் சின்ன வேறுபாடுகள் தோன்றி வளர்ந்தன. சற்று நேரத்துக்கெல்லாம் வட்டத்தின் ஒரு பகுதியில் சில கார்கள் அப்படியே நின்றுவிட்டன. மற்ற பகுதியில் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தன. நின்ற கூட்டத்தின் தலைப்பக்கத்தில் ஒரு கார் விடுபட்டுப் புறப்படும்போது, வால்பக்கத்தில் இன்னொன்று வந்து சேர்ந்து நிற்கும். கார்கள் முன்னோக்கிப் போக, நெரிசல் மட்டும் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. நெடுஞ்சாலைகளில் அளந்து பார்த்த நெரிசல் அலைகளின் வேகமும் கிட்டத்தட்ட இதுவே.

இது ஏன் நடக்கிறது என்பதைச் சிறிய கணக்கில் புரிந்துகொள்ளலாம். 230 மீட்டரை 22 கார்களுக்குப் பங்கிட்டால் ஒரு காருக்கு ஏறக்குறைய 10.5 மீட்டர் கிடைக்கும். காரின் நீளத்தைக் கழித்தால் முன்னால் உள்ள இடைவெளி சுமார் 6 மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 8.3 மீட்டர். அந்த 6 மீட்டரைக் கடக்க முக்கால் நொடி போதும். முன்காரின் வேகம் குறைவதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது. எனவே பின்னால் வருபவர் எப்போதும் சற்றுத் தாமதித்தே பிரேக் போடுகிறார். தாமதித்ததை ஈடுகட்டத் தேவைக்கு மேல் அழுத்துகிறார். அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் கொஞ்சம் அதிகமாக அழுத்துகிறார். முதலில் ஒருவர் விட்ட சிறு தளர்வு, வரிசை நெடுகப் பெருகிக்கொண்டே போய், கடைசியில் ஒரு காரை முழுதாக நிறுத்திவிடுகிறது. கார்கள் குறைவாக இருந்தால் இடைவெளி நீளும், தளர்வும் பெருகாமல் கரைந்துவிடும். ஓர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் பெருக்கம் தொடங்குகிறது.

அந்த 22 பேரில் ஒருவர்கூடத் தவறு செய்யவில்லை. நெரிசலை யாரும் விரும்பவும் இல்லை. ஒவ்வொருவரும் தம் கண்ணெதிரே இருந்ததை வைத்துச் சரியாகவே நடந்துகொண்டார்கள். எவருடைய மனத்திலும் இல்லாத ஓர் அமைப்பு அவர்களுக்கு நடுவே பிறந்து, தனக்கென ஒரு வடிவத்தையும் வேகத்தையும் திசையையும் கொண்டு உலவியது. உறுப்புகள் தங்களுக்குள் மட்டும் தொடர்பு கொண்டு, வெளியிலிருந்து எந்த ஆணையும் வராமல், முழுமைக்கு ஒரு வடிவத்தைத் தருவதைத் தன்னொழுங்கு என்கிறோம். பறவைக் கூட்டமும் எறும்புச் சாரையும் நகரமும் அதற்கு எடுத்துக்காட்டுகள். நெரிசலும் அப்படித்தான். தன்னொழுங்கு தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அது எப்போது நமக்கு உதவும், எப்போது நம்மை வதைக்கும் என்பதைப் பிரித்தறிய முடியுமா என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

சிறிய விதி, பெரிய நடத்தை

சுற்றுப்புறத்தைக் கொஞ்சம் உணர்ந்து, ஒரு விதிப்படி முடிவெடுத்து, அதன்படி செயல்படும் எதையும் கணினி அறிவியலார் ஏஜென்ட் என்கிறார்கள். தமிழில் முகவர் என்று சொல்லலாம். ரோபோ ஒரு முகவர். கணினித் திரையில் நகரும் புள்ளியும் முகவர். சாலைச் சந்திப்பில் நிற்கும் சிக்னல் கம்பத்தையும் முகவராக்க முடியும்.

செயற்கை முகவர்களின் வரலாற்றில் முதல் பெரிய வியப்பு 1948, 1949ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நிகழ்ந்தது. நரம்பியல் ஆய்வாளரான கிரே வால்டர் அங்கே இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். அவற்றுக்கு எல்மர், எல்சி என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஒளியை உணரும் ஒரு கருவி, தொடுகையை உணரும் ஒரு கருவி, வானொலிப் பெட்டிகளில் இருப்பது போன்ற இரண்டு வால்வுகள், மோட்டார்கள், ஒரு பேட்டரி ஆகியவை மட்டுமே இருந்தன. மிதமான ஒளியை நோக்கிப் போ, கண்கூசும் ஒளியிலிருந்து விலகு, முட்டினால் திரும்பு என்பதற்கு மேல் அவற்றுக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை. ஆனாலும் அவை அறையைச் சுற்றித் தேடின, தடைகளைத் தாண்டின. பேட்டரி இறங்கியதும் விளக்கு எரியும் கூட்டுக்குத் திரும்பி மின்னேற்றிக்கொண்டன. ஆமையின் முன்பக்கத்தில் ஒரு சிறு விளக்கு இருந்தது. ஒளி தென்பட்டதும் அது அணைந்துவிடும். இதனால் இரண்டு ஆமைகள் எதிரெதிரே வந்தபோது, ஒன்றின் விளக்கு மற்றதை இழுக்க, இழுபட்டதன் விளக்கு அணைய, நெருங்குவதும் விலகுவதுமாக ஒரு சிக்கலான ஆட்டம் உருவானது. அந்த ஆட்டத்துக்கான திட்டம் இரண்டில் எதனுள்ளும் கிடையாது. இரண்டும் சந்தித்தபோதுதான் அது உண்டானது.

1986இல் அமெரிக்கரான கிரெய்க் ரெனால்ட்ஸ் இதே உண்மையைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தார். அவர் படைத்த ஒவ்வொரு பறவைக்கும் மூன்று விதிகள். அருகில் இருப்பவற்றின் மேல் மோதாதே. அவை போகும் திசையிலும் வேகத்திலும் போ. அவற்றின் நடுவை நோக்கி நெருங்கு. தலைமைப் பறவை என ஒன்று கிடையாது. கூட்டம் முழுவதையும் காணும் பறவையும் கிடையாது. அப்படியிருந்தும் திரையில் கூட்டம் திரண்டது, வளைந்தது, தூண் எதிர்ப்பட்டால் இரண்டாகப் பிரிந்து மறுபக்கம் மீண்டும் ஒன்று சேர்ந்தது. 1992இல் வெளிவந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' திரைப்படத்தில் வௌவால் கூட்டத்தையும் பென்குயின் கூட்டத்தையும் நகர்த்தியது இந்த முறைதான்.

திரையில் எளிதாக நடப்பது தரையில் எளிதல்ல. 2014இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரூபன்ஸ்டைன், அலெஹாந்த்ரோ கொர்னேஹோ, ராதிகா நாக்பால் மூவரும் 1,024 சிறிய ரோபோக்களைக் கொண்டு தாங்கள் வேண்டிய உருவங்களை அமைத்துக் காட்டினார்கள். 'கிலோபாட்' எனப் பெயரிடப்பட்ட அந்த ரோபோ மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலம் கொண்டது. அதிர்ந்து அதிர்ந்து நகரக்கூடியது. அகச்சிவப்பு ஒளியால் பக்கத்தில் இருப்பவற்றோடு மட்டும் பேசும். நான்கு ரோபோக்களை முதலில் வைத்து, எங்கே தொடங்க வேண்டும் என்று அடையாளம் காட்டிவிடுவார்கள். மற்றவை கூட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்ந்து, அண்டையில் இருப்பவற்றைக் கொண்டு தம் இடத்தைக் கணித்து, உருவத்துக்குள் வந்துவிட்டோம் என்று தெரிந்ததும் நிற்கும். ஏறக்குறைய 12 மணி நேரத்தில் ஒரு நட்சத்திரமீன் உருவம் திரண்டது. இந்தச் சோதனையிலும் நெரிசல் வந்தது. ஒரு ரோபோ பழுதாகி மெதுவாக நகர்ந்தால் பின்னால் வருபவை எல்லாம் தேங்கின. ஆயிரம் உறுப்புகளில் சில பழுதாவது உறுதி. ஆகவே பழுதையும் தாமதத்தையும் தாங்கும் வகையில் விதிகளை எழுதுவதுதான் இந்தத் துறையின் உண்மையான கடினம். நகரத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

தடமும் மறதியும்

முகவர்கள் நேருக்கு நேர் பேசாமலே ஒத்துழைக்க முடியும் என்பதை எறும்புகள் காட்டுகின்றன. பெல்ஜியத்தில் ழான் லூயி தெனெபூர்கும் உடன் ஆய்ந்தவர்களும் அர்ஜென்டினா எறும்பின் கூட்டையும் உணவையும் இரண்டு கிளைகள் கொண்ட ஒரு பாலத்தால் இணைத்தார்கள். ஒரு கிளை மற்றதைப்போல் இரண்டு மடங்கு நீளம். எந்த எறும்பும் இரண்டையும் அளந்து ஒப்பிடவில்லை. போகிற வழியில் ஃபெரோமோன் என்ற வேதிப்பொருளை இட்டுச் செல்வதும், அது கூடுதலாக உள்ள பக்கம் திரும்புவதுமே அவை செய்தவை. குறுகிய கிளையில் போன எறும்புகள் முதலில் திரும்பி வந்தன. எனவே அந்தக் கிளையில் தடம் முதலில் தடித்தது. தடித்த தடம் மேலும் எறும்புகளை இழுத்தது. சில நிமிடங்களில் சாரை முழுவதும் குறுக்கு வழியில் ஓடியது.

இந்த ஆய்வின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நீளமான கிளையை மட்டும் முதலில் வைத்து, அரை மணி நேரம் கழித்துக் குறுகிய கிளையைச் சேர்த்தார்கள். பெரும்பாலான எறும்புகள் நீளமான வழியிலேயே தொடர்ந்தன. பழைய தடம் அதற்குள் வலுத்துவிட்டது. அது எளிதில் ஆவியாகவும் இல்லை. கண்ணெதிரே நல்ல வழி திறந்திருந்தும், தானே இட்ட தடத்துக்குக் கூட்டம் கட்டுப்பட்டுக் கிடந்தது.

1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் மிலான் நகரில் மார்க்கோ டொரிகோ இந்த எறும்புகளைக் கணினிக்குள் கொண்டுவந்தபோது, தடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு அழிந்துபோகுமாறு அமைத்தார். பல ஊர்களைச் சுற்றிவரக் குறைந்த தூரப் பாதையைத் தேடுவது போன்ற கடினமான கணக்குகளுக்கு அவருடைய செயற்கை எறும்புகள் நல்ல விடைகளைக் கண்டன. அதில் மறதிக்குப் பெரும் பங்கு உண்டு. தடம் அழியவே அழியாவிட்டால் முதலில் கிடைத்த சுமாரான விடையிலேயே எல்லா எறும்புகளும் சிக்கிக்கொள்ளும். மிக வேகமாக அழிந்தாலோ எதையும் கற்காது. தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் எந்த அமைப்புக்கும் நினைவு எவ்வளவு தேவையோ அவ்வளவு மறதியும் தேவை.

நகரங்களும் தடங்களால் ஆனவை. நான்கு பேர் நடக்க ஒற்றையடிப் பாதை. பாதை இருப்பதால் ஒரு தேநீர்க் கடை. கடை இருப்பதால் பேருந்து நிறுத்தம். நிறுத்தம் இருப்பதால் மேலும் கடைகள். ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலின் கடைசி அத்தியாயத்தில், நகரம் எத்தகைய சிக்கல் என்ற கேள்வியை எழுப்பினார். ஒன்றையொன்று சார்ந்த பல காரணிகள் ஒரே நேரத்தில் இயங்கும் ஒழுங்கான சிக்கல் அது என்றார். உயிரியலாளர் ஓர் உயிரைப் பார்ப்பதைப்போல அதை அணுக வேண்டும் என்றார். பழைய தெருக்களை இடித்து அகலச் சாலைகளும் அடுக்குமாடிகளும் கட்டிய அன்றைய திட்டமிடுவோர், காகிதத்தில் தெரிந்த ஒழுங்கின்மையை அகற்றுவதாக நினைத்துக்கொண்டு, பல ஆண்டுகளாகத் தெருவில் படிந்து வளர்ந்திருந்த ஒழுங்கை அழித்தார்கள். இது அவர் வைத்த குற்றச்சாட்டு. அதில் மிகுந்த நியாயம் இருந்தது.

கட்டங்களில் ஒரு நகரம்

ஆனால் தெருவில் தானாக வளர்வதெல்லாம் நல்லது என்று நம்பிவிடவும் கூடாது. பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உலுக்கியது. சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இரண்டு வகை நாணயங்களைக் கலந்து வைத்தார். சில கட்டங்கள் காலி. ஒவ்வொரு நாணயமும் ஒரு குடும்பம். அண்டை வீடுகளில் மூன்றில் ஒரு பங்காவது தன்னைப் போன்றவர்களாக இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு மனநிறைவு. இல்லாவிட்டால் அது வேறு காலி இடத்துக்குப் பெயரும். மற்ற வகையினர் பெரும்பான்மையாக இருப்பதையும் ஏற்றுக்கொள்ளும் அளவுக்குச் சகிப்புள்ள குடும்பங்கள் அவை.

நாணயங்களை விதிப்படி நகர்த்த நகர்த்த, பலகை இரண்டு நிறத் திட்டுகளாகப் பிரிந்துபோனது. ஒரு குடும்பம் பெயர்ந்ததும் அது விட்டுவந்த தெருவில் அதன் வகையினர் ஒருவர் குறைகிறார். அதனால் அங்கே இன்னொரு குடும்பம் மனநிறைவை இழந்து கிளம்புகிறது. மெல்லிய விருப்பங்கள் ஒன்றையொன்று தூண்டிக் கடுமையான பிரிவினையில் போய் முடிகின்றன. ஷெல்லிங் 2005இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த மாதிரியைத் தவறாகப் படிப்பதும் எளிது. அமெரிக்க நகரங்கள் நிறத்தால் பிளவுபட்டதற்கு மெல்லிய விருப்பங்கள் மட்டும் காரணமாகிவிடவில்லை. கறுப்பின மக்களின் பகுதிகளுக்கு வீட்டுக் கடன் மறுத்த கொள்கைகளும், அவர்களுக்கு வீடு விற்கத் தடை விதித்த பத்திரங்களும் திட்டமிட்டுச் செயல்பட்டன. ஒதுக்கிவைக்கும் அமைப்புகளும் வருமான வேறுபாடும் இருப்பதை ஷெல்லிங்கும் தம் கட்டுரையில் சொல்லியிருக்கிறார். அவர் மாதிரி காட்டுவது இதைத்தான்: முழுமையின் முகத்தைப் பார்த்து உறுப்புகளின் மனத்தைச் சொல்லிவிட முடியாது. ஆகவே நல்ல மனம் கொண்டவர்கள் வாழும் நகரம் நல்ல நகரமாகத் தானே ஆகிவிடும் என்று காத்திருக்கவும் முடியாது.

குறுக்கு வழி தரும் தாமதம்

சகிப்புத்தன்மை போதாது என்றால் அறிவு போதுமா? எல்லாருக்கும் எல்லாத் தகவலும் கிடைத்து, எல்லாரும் தமக்குச் சிறந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் நெரிசல் தீருமா? ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிக் ப்ரேஸ் 1968இல் இதற்குத் தந்த விடை இன்றும் திடுக்கிட வைக்கிறது.

நான்காயிரம் கார்கள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக வேண்டும். இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழியில் முதலில் ஒரு குறுகிய சாலை, பிறகு ஓர் அகலச் சாலை. இரண்டாம் வழியில் முதலில் அகலச் சாலை, பிறகு குறுகிய சாலை. அகலச் சாலையில் எத்தனை கார்கள் போனாலும் 45 நிமிடம். குறுகிய சாலையில் நூறு காருக்கு ஒரு நிமிடம் வீதம் நேரம் கூடும். கார்கள் சரிபாதியாகப் பிரியும். ஒவ்வொரு குறுகிய சாலையிலும் இரண்டாயிரம் கார்கள், அதாவது 20 நிமிடம். மொத்தப் பயணம் 65 நிமிடம்.

இப்போது நகராட்சி இரண்டு வழிகளின் நடுப்புள்ளிகளையும் ஒரு புதிய பாலத்தால் இணைக்கிறது. பாலத்தைக் கடக்க நேரமே ஆகாது என்று வைத்துக்கொள்வோம். குறுகிய சாலையில் எல்லாரும் போனாலும் 40 நிமிடம்தான். அகலச் சாலையின் 45ஐ விடக் குறைவு. எனவே எல்லா ஓட்டுநர்களும் முதல் குறுகிய சாலை, பாலம், இரண்டாம் குறுகிய சாலை என்று போவார்கள். பயணம் 40ம் 40ம் சேர்ந்து 80 நிமிடம் ஆகிறது. பழைய வழிக்குத் திரும்பலாம் என்று தனியாக ஒருவர் முயன்றால் அவருக்கு 85 நிமிடம். ஆகவே யாரும் திரும்புவதில்லை. பாலம் கட்டியதால் நான்காயிரம் பேருக்கும் 15 நிமிடம் கூடுதல் செலவு. பாலத்தை மூடினால் எல்லாருக்கும் லாபம். ஆனால் மூட வேண்டும் என்ற முடிவு எந்த ஓட்டுநரின் கையிலும் இல்லை.

கைபேசி வழிகாட்டிச் செயலிகள் வந்த பிறகு இந்தக் கணக்கு தெருவுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு அருகே லியோனியா என்ற சிற்றூர் இருக்கிறது. பாலத்துக்குப் போகும் நெடுஞ்சாலை அடைத்தபோதெல்லாம் செயலிகள் கார்களை அந்த ஊரின் குடியிருப்புத் தெருக்களுக்குள் திருப்பிவிட்டன. ஒவ்வொரு காருக்கும் சில நிமிடம் மிச்சம். ஊராரால் காலையில் வீட்டு வாசலிலிருந்து வண்டியை எடுக்க முடியவில்லை. 2018 ஜனவரியில் ஊராட்சி ஏறக்குறைய 60 தெருக்களைக் காலை, மாலை நெரிசல் நேரங்களில் வெளியூர் வண்டிகளுக்கு மூடியது. செயலி தன் வேலையில் பிழை செய்யவில்லை. தெருவில் வசிப்பவர்களின் இழப்பு அதன் கணக்கில் ஏறவில்லை. கணக்கில் ஏறாதது முகவருக்குத் தெரிய வழியும் இல்லை.

அண்டைச் சந்திப்போடு பேசும் சிக்னல்

இவ்வளவு எச்சரிக்கைகளுக்குப் பிறகும், தன்னொழுங்கை நகரத்துக்குப் பயன்படுமாறு வடிவமைக்க முடியும் என்பதற்குச் சாலைச் சிக்னலே சிறந்த சான்று.

உலகின் முதல் போக்குவரத்துச் சிக்னல் 1868 டிசம்பரில் லண்டனில் நாடாளுமன்றத்துக்கு அருகே நிறுவப்பட்டது. ரயில்வே பொறியாளர் ஜான் பீக் நைட் அதை வடிவமைத்தார். எரிவாயு விளக்கு, காவலர் ஒருவர் கையால் இயக்க வேண்டும். அடுத்த மாதமே வாயு கசிந்து வெடித்து அந்தக் காவலர் காயமுற்றார். மின்சார விளக்குகள் வந்த பிறகு சிக்னல் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. இந்தப் பக்கம் இத்தனை நொடி, அந்தப் பக்கம் இத்தனை நொடி. 1970களில் ஆஸ்திரேலியாவின் ஸ்காட்ஸ், பிரிட்டனின் ஸ்கூட் ஆகிய முறைகள் சாலையில் புதைத்த உணரிகளின் தகவலைக் கணினிக்கு அனுப்பி நொடிகளைக் கூட்டவும் குறைக்கவும் செய்தன. ஆனாலும் சுழற்சி என்ற எண்ணம் நீடித்தது. சிவப்பு, பச்சை, சிவப்பு என்ற தாளம் முதலில். வண்டிகள் அதற்கு ஏற்ப.

மெக்சிகோ நாட்டு ஆய்வாளர் கார்லோஸ் கெர்ஷென்சன் 2005இல் அந்தத் தாளத்தையே கைவிட்டுப் பார்த்தார். அவருடைய கணினி மாதிரியில் ஒவ்வொரு சிக்னலும் சிவப்பின் முன் சேரும் கார்களை நொடிக்கு நொடி எண்ணிக் கூட்டிக்கொண்டே வரும். கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் பச்சை. ஒரு பச்சை குறைந்தபட்சம் இத்தனை நொடி எரிய வேண்டும். கடந்துகொண்டிருக்கும் வரிசையின் வாலில் ஓரிரு கார்களே மிச்சமிருந்தால் அவற்றை அறுத்துவிடக் கூடாது. சிக்னல்கள் ஒன்றோடொன்று பேசுவதும் இல்லை.

தனியாக வரும் கார் சிவப்பில் கொஞ்சம் காத்திருக்கிறது. அதற்குள் பின்னால் வேறு கார்கள் சேர்ந்துவிடுகின்றன. பச்சை கிடைத்ததும் எல்லாம் ஒரே கூட்டமாகப் புறப்படுகின்றன. கூட்டம் பெரிது என்பதால் அடுத்த சிக்னலில் கூட்டுத்தொகை வரம்பை விரைவில் தாண்டுகிறது; பச்சை சீக்கிரம் கிடைக்கிறது. கூட்டம் இன்னும் வளர்ந்தால், போய்ச் சேரும் முன்பே பச்சை விழுந்துவிடுகிறது. கூட்டங்களுக்கு இடையே காலி இடைவெளி உண்டாவதால் குறுக்குத் தெருக் கூட்டமும் தடையின்றிக் கடக்கிறது. இங்கே சாலையில் ஓடும் கார்க் கூட்டமே சிக்னலிலிருந்து சிக்னலுக்குச் செய்தி கொண்டுபோகிறது. எறும்புக்குத் தடம் செய்ததை இங்கே காலியிடமும் கூட்டமும் செய்கின்றன. கடந்து முடிந்ததும் அந்தச் செய்தி அழிந்துவிடுகிறது. மறதி தானாகவே அமைந்திருக்கிறது.

அடுத்த படியை ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஸ்டெஃபான் லேமரும் டிர்க் ஹெல்பிங்கும் எடுத்தார்கள். 2008இல் வெளிவந்த அவர்கள் ஆய்வு ஒரு பொறியைச் சுட்டிக்காட்டியது. ஒவ்வொரு சிக்னலும் தன் சந்திப்பின் காத்திருப்பை மட்டும் குறைக்க முயன்றால், வண்டிகள் குறைவாக உள்ளவரை எல்லாம் நன்றாக நடக்கும். வண்டிகள் பெருகியதும் முக்கியச் சாலைக்கே மீண்டும் மீண்டும் பச்சை கொடுக்கத் தோன்றும். ஓரத்தெருவில் வரிசை நீண்டு, பின்னால் உள்ள சந்திப்பை அடைத்து, முடிவில் எல்லாரையும் நிறுத்தும். எனவே இரண்டாவது விதி ஒன்றைச் சேர்த்தார்கள். எந்த வரிசையும் ஓர் அளவுக்கு மேல் வளர்ந்தால், லாபக் கணக்கு என்ன சொன்னாலும் அதற்குப் பச்சை கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு விதிகளும் சேர்ந்தபோது கிடைத்த பலன் தனித்தனியாக எதிலும் கிடைக்கவில்லை. மொத்தத்தின் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால், கடைசியில் நிற்பவரைக் கைவிடக் கூடாது என்பது அறநூல்களில் மட்டும் படிக்கிற செய்தியல்ல. நெரிசல் கணிதத்திலும் அது நிற்கிறது.

உண்மையான தெருவில் பெரிய சோதனை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஸ்மித் குழு 2012இல் ஒன்பது சந்திப்புகளில் 'சர்ட்ராக்' என்ற முறையை நிறுவியது. ஒவ்வொரு சந்திப்பும் தன்னை நோக்கி வரும் வண்டிக் கூட்டங்களை உணர்ந்து, யாரை எப்போது கடத்துவது என்று தானே ஒரு சிறு அட்டவணை போடும். பிறகு, என்னிடமிருந்து உனக்கு இத்தனை வண்டிகள் இந்த நேரத்தில் வரும் என்று அண்டைச் சந்திப்புக்குச் சொல்லும். சில நொடிகளில் மீண்டும் புதிய அட்டவணை. மையக் கட்டுப்பாட்டு அறை என்று ஒன்று இதற்குத் தேவைப்படவில்லை. பயண நேரம் 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தது; சந்திப்பில் நிற்கும் நேரம் 40 சதவீதம் குறைந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பின்னர் அதை மேலும் பல சந்திப்புகளுக்கு விரிவாக்கினார்கள்.

இந்த முறைகளை நம் ஊருக்கு அப்படியே பெயர்த்துவர முடியாது. அவை தடம் பிரித்து ஓடும் கார்களை நினைத்து எழுதப்பட்டவை. நம் சாலையில் பைக்கும் ஆட்டோவும் பேருந்தும் தள்ளுவண்டியும் தடக்கோடு பார்க்காமல் கலந்து ஓடுகின்றன. சிவப்பு விழுந்ததும் பைக்குகள் இடுக்குகளில் புகுந்து முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. ஒரு தடத்துக்கு ஓர் உணரி என்று புதைத்தால் அது பாதி வண்டிகளைத் தவறவிடும். எத்தனை வண்டிகள் என்பதை விட, சாலைப் பரப்பில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதே இங்கே பொருத்தமான அளவாக இருக்கும். விதியின் எளிமையைக் கடன் வாங்கலாம். அது எதைக் காண வேண்டும் என்பதை நாம்தான் வகுக்க வேண்டும்.

ஒரே ஒரு கார்

வட்டப் பாதை நெரிசலுக்கும் ஒரு மருந்து கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் டூசான் நகரில் ஆய்வாளர்கள் சுகியாமாவின் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். இருபதுக்கு அருகான கார்கள், அதே போன்ற வட்டம், அதே போன்ற நெரிசல் அலை. பிறகு அவற்றில் ஒரே ஒரு காரின் வேகத்தைக் கணினியிடம் ஒப்படைத்தார்கள். அது முன்காரைத் துரத்தவில்லை. ஓட்டத்தின் சராசரி வேகத்தைக் கணித்து, அந்த வேகத்தில் நிதானமாகப் போய், முன்னால் தோன்றும் இடைவெளியை அலையை விழுங்குவதற்காக விட்டுவைத்தது. அலை தணிந்தது. 2018இல் வெளியான அவர்கள் கட்டுரைப்படி, எல்லாக் கார்களின் எரிபொருள் செலவும் சேர்ந்து 40 சதவீதம் வரை குறைந்தது. மற்ற ஓட்டுநர்களுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை, எந்த ஆணையும் இல்லை. கூட்டத்தில் இருபதில் ஒன்று தன் விதியை மாற்றிக்கொண்டதும் முழுமையின் நடத்தை மாறியது. 2022 நவம்பரில் நாஷ்வில் நகரின் நெடுஞ்சாலையில் நூறு கார்களைக் கொண்டு இதையே பெரிய அளவில் சோதித்தார்கள்.

எதை எண்ணுவது

இப்போது தொடக்கக் கேள்விக்கு விடை சொல்லலாம். தன்னொழுங்கு உதவுமா, வதைக்குமா என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது, ஒவ்வொரு முகவரும் எவ்வளவு தூரம், எவ்வளவு விரைவாகக் காண்கிறது என்பது. முன்காரை மட்டும் கண்டவர்கள் அலையை வளர்த்தார்கள், ஓட்டத்தின் சராசரியைக் கண்ட கார் அதைத் தணித்தது. இரண்டாவது, அது விட்டுச்செல்லும் தடம் எவ்வளவு காலம் நிற்கிறது என்பது. அழியாத தடம் எறும்பைப் பழைய வழியில் கட்டிப்போட்டது. மூன்றாவது, எதைத் தன் லாபமாக எண்ணுகிறது என்பது. ப்ரேஸின் ஓட்டுநர்களும் லியோனியாவின் செயலியும் தம் நிமிடங்களை மட்டும் எண்ணினார்கள்.

முதல் இரண்டையும் பொறியாளர்கள் தீர்த்துவைப்பார்கள். மூன்றாவது அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. வண்டிகளை எண்ணும் சிக்னலுக்கு, அறுபது பேர் தொங்கிக்கொண்டு வரும் பேருந்தும் ஒருவர் மட்டும் அமர்ந்திருக்கும் காரும் ஒன்றே. நடந்து சாலையைக் கடக்கும் மூதாட்டியை எண்ணச் சொல்லிக்கொடுக்காவிட்டால், அந்தச் சிக்னலின் உலகில் அவர் இல்லவே இல்லை. அது எவ்வளவு திறமையாகத் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறதோ அவ்வளவு திறமையாக அவரை ஓரத்தில் நிறுத்திவைக்கும்.

ஆணையிடுவோர் இல்லாத ஒழுங்கிலும் விதி எழுதுவோர் இருக்கிறார்கள். ஒரு நகரம் தன் சிக்னல்களையும் செயலிகளையும் தானோட்டி வண்டிகளையும் வாங்கும்போது, அவற்றின் வேகத்தையும் விலையையும் கேட்டால் போதாது. இவை யாரை எண்ணுகின்றன, யாரை எண்ணாமல் விடுகின்றன என்று மாநகராட்சி மன்றத்தில் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். செய்தித்தாள்கள் கேட்க வேண்டும். பேருந்துக்குக் காத்திருப்பவர்களும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பொதுவில் கேட்டு விடை காணும் நகரத்தில் இந்த எளிய விதிகள் எல்லாருக்கும் வழிவிடும். கேட்காத நகரத்தில், எண்ணப்படாதவர்களை ஒதுக்கிவைக்கும் வேலையை அதே விதிகள் இரவு பகல் பாராமல் செய்துகொண்டிருக்கும்.